வயக்காட்டுல ஒத்த ஆளு: படம் வரையுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலையில திருநெல்வேலியைச் சுத்தி குறுக்குத்துறை, மேலச்செவல், சீவலப்பேரின்னு ஏதாவது ஒரு பக்கம் போர்டும் பேப்பருமா போய் உக்காந்து வரையுறது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். கூட வாரவங்கள்ல ஸ்கூல் பிள்ளைங்க உண்டு, பேங்க்ல வேலை பாக்குறவங்க உண்டு, ரிட்டயர்ட் ஆனவங்களும் உண்டு. ஆறு, மலை, மரம் வரைக்கும் எல்லாரும் தைரியமா போட்டுருவாங்க, தூரத்துல வரப்புல ஒருத்தர் மம்பட்டியோட வந்து நின்னாருன்னா அவ்வளவு தான், எல்லார் பிரஷ்ஷும் நின்னுரும். அப்ப வர்ற கேள்விங்க வருஷக்கணக்கா ஒண்ணே தான். அதனால எழுதி வச்சிட்டேன், கேட்டவங்க கேட்ட மாதிரியே.

டீச்சர், லேண்ட்ஸ்கேப்னா மலை மரம் ஆறு போதாதா, எதுக்கு நடுவுல ஒரு ஆளு?

போதும். ஆளில்லாத நல்ல படம் எத்தனையோ இருக்கு. ஆனா ஒரு ஆள் வந்துட்டா பாக்குறவங்க கண்ணு முதல்ல அங்க தான் போகும், பொட்டு மாதிரி இருந்தாலும் சரி, உடனே மரம் எவ்வளவு உயரம், குளம் எவ்வளவு அகலம்னு மனசு தானா அளந்துக்கிடும். ஐரோப்பாவுல ரொம்ப காலம் ஆளைப் போட்டது இதுக்குத் தான், அளவு காட்ட, இடத்தை நிரப்ப.

எனக்கு அந்தக் காரணம் பத்தாது. தமிழ்ல நிலத்தைப் பேசுறவங்க முதல், கரு, உரின்னு மூணா பிரிச்சாங்க, நிலமும் பொழுதும் முதல், அங்க உள்ள மரம் மாடு பறவை தொழில் எல்லாம் கரு, அந்த இடத்துல மனுஷனுக்கு வர்ற உணர்வு உரி. மூணும் சேந்தாத் தான் திணை. அப்படிப் பாத்தா வரப்புல நிக்கிறவரு அந்த நிலத்தோட ஒரு பாகம், நாம கொண்டு வந்து ஒட்டுன ஸ்டிக்கர் இல்ல. அவரு அங்க ஏன் நிக்காருன்னு வரையுறவங்களுக்குத் தெரியணும், அது தெரியாம போட்ட ஆளு தான் படத்துல ஒட்டாம நிக்கும். கீழ வர்ற பாதி கேள்விக்கு இது தான் பதில்.

ஆளை எவ்வளவு பெருசா போடணும்? நான் போட்டா ஒண்ணு பூதம் மாதிரி இருக்கு இல்லன்னா எறும்பு மாதிரி இருக்கு

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, பிடிச்சிக்கிட்டா அப்புறம் தப்பே வராது. உங்க கண்ணு எந்த உயரத்துல இருக்கோ அந்த உயரத்துல படத்துல ஒரு படுக்கைக் கோடு இருக்குன்னு வச்சுக்கோங்க, அதான் கண்மட்டம். நீங்க மடக்கு ஸ்டூல்ல உக்காந்திருந்தா கண்ணு தரையில இருந்து சுமார் 4 அடி. அப்ப சமதளமான வயல்ல நிக்கிற அஞ்சரை அடி ஆளு யாரா இருந்தாலும் அந்தக் கோடு அவரு நெஞ்சுல தான் வெட்டும், 20 அடி தள்ளி நின்னாலும் நெஞ்சு தான், அரை மைல் தள்ளி நின்னாலும் நெஞ்சு தான். தூரமா போகப் போக கால் மேல ஏறி வரும், தலை கீழ இறங்கி வரும், நெஞ்சு மட்டும் அதே கோட்டுல இருக்கும்.

குளத்தங்கரை மேல ஏறி நின்னு வரையுறீங்கன்னா கணக்கு மாறும். கரை 10 அடி, உங்க கண்ணு அதுக்கு மேல 5 அடி, மொத்தம் 15. கீழ வயல்ல நிக்கிறவரு 5 அடின்னா, அவரு காலுல இருந்து கண்மட்டக் கோடு வரைக்கும் உள்ள தூரத்துல மூணுல ஒரு பங்கு தான் அவரு. இன்னொண்ணு, நம்ம பக்கம் மேற்க பாத்து உக்காந்தா பொதிகை மலை குறுக்க நிக்கும், நிறைய பேர் மலை உச்சியைக் கண்மட்டம்னு எடுத்துக்கிடுதாங்க. இல்ல. கண்மட்டம் மலை அடிவாரத்துப் பக்கம் தான் ஓடும், மலை அதுக்கு மேல எழும்பி நிக்கும்.

நான் வரைஞ்ச ஆளு பொம்மை மாதிரி நிக்கான் டீச்சர், உயிரே இல்ல

ஏன்னா ரெண்டு காலையும் ஒண்ணா ஊனி, கையை ரெண்டு பக்கமும் தொங்க விட்டு, தலையைப் பெருசா போட்டிருப்பீங்க. வயக்காட்டுல அப்படி யாரும் நிக்க மாட்டாங்க. நின்ன ஆளோட உயரம் அவரு தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு வரும், தூரத்து ஆளுக்குத் தலையை இன்னும் கொஞ்சம் சின்னதாவே போடுங்க, தலை பெருசானா உடனே சின்னப் பிள்ளை ஆயிரும்.

அடுத்தது பாரம். எந்தக் கால்ல பாரம் இருக்குன்னு பாருங்க, அந்தக் காலுக்கு நேர் மேல தான் கழுத்து வரும். மடை திறக்குறவரு முன்னால குனிஞ்சிருப்பாரு, இடுப்பு பின்னால போயிருக்கும். நாத்துக்கட்டு தூக்கிட்டுப் போறவரு எதிர்ப்பக்கம் சாஞ்சிருப்பாரு. ஆடு மேய்க்கிறவரு தொரட்டிக் கம்பை ஊனி அதுமேல சாஞ்சு ஒரு காலைத் தூக்கி வச்சு நிப்பாரு. அகநானூறுல 274ஆவது பாட்டுல இடைக்காடனார் இதே ஆளைக் காட்டுதாரு, மழை ராத்திரி, தூவானம் ஒரு பக்கத்தை மட்டும் நனைக்குது, கோலை ஊனிக் கால் வச்சு ஒடுங்கி நின்னு நாக்கை மடிச்சு சீட்டி அடிக்காரு. முகம் எப்படி இருந்ததுன்னு ஒரு சொல் இல்ல, நிக்கிற நிலையும் நனைஞ்ச பக்கமும் போதும்னு விட்டுட்டாரு. கங்கைகொண்டான் பக்கம் போனா இன்னைக்கும் அதே மாதிரி நிக்கிறவங்களைப் பாக்கலாம். அந்தப் பாட்டை நான் ஓவியப் பாடமாவே சொல்லிக் குடுக்கேன்.

முகம் வரையணுமா?

வேண்டாம். நூறு அடி தள்ளி நிக்கிறவருக்குக் கண்ணு மூக்கு உங்களுக்கே தெரியாது, தெரியாததைப் போடாதீங்க. அமெரிக்காவுல ஆண்ட்ரூ வயத் 1948ல வரைஞ்ச கிறிஸ்டினாவின் உலகம்ங்கிற படத்துல புல்லுல ஒரு பொண்ணு நமக்கு முதுகைக் காட்டி உக்காந்து தூரத்து வீட்டைப் பாக்குது. நிஜத்துல அந்தக் கிறிஸ்டினாவுக்கு நடக்க முடியாது, தவழ்ந்து தான் போவாங்க. முகமே இல்லாம, ஊனுன கையையும் திரும்புன முதுகையும் வச்சே அவ்வளவும் தெரியும்.

எங்க நிக்க வைக்கணும், நடுவுலயா ஓரத்துலயா?

நட்ட நடுவுல வைக்காதீங்க, மூணுல ஒரு பங்குல வைங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, தப்பில்ல. ஆனா அதை விட முக்கியம் அவரு எந்தப் பக்கம் பாக்காரு, எந்தப் பக்கம் நடக்காருங்கிறது, அந்தப் பக்கம் கூடுதல் இடம் விடணும், இல்லன்னா பேப்பர் ஓரத்துல முட்டி நிக்கிற மாதிரி ஆயிரும்.

ஜெர்மனிக்காரரு காஸ்பர் டேவிட் ஃப்ரெட்ரிக் 1808ல இருந்து 1810 வரைக்கும் கடற்கரைத் துறவின்னு ஒரு படம் வரைஞ்சாரு. பெரிய வானம், கறுத்த கடல், கீழ மணல்ல ஒரு துளி துறவி. முதல்ல கடல்ல கப்பல் எல்லாம் போட்டிருந்திருக்காரு, பிறகு அதை எல்லாம் மேல பெயிண்ட் பூசி மூடிட்டாரு. அதனால படத்துல செங்குத்தா நிக்கிறது அந்த ஆளு மட்டும் தான். நம்ம படத்துல என்ன ஆகும்னா ஆளுக்குப் பின்னாடியே ஒரு கரண்ட் கம்பம், பக்கத்துல தென்னை, அந்தப் பக்கம் ஒரு பனை, எல்லாம் செங்குத்தா நின்னு ஆளை முழுங்கிரும். ஆளை ரெண்டு அடி நகத்துங்க, இல்லன்னா நீங்க நகந்து உக்காருங்க.

நிழல் எந்தப் பக்கம் விழும்? யூடியூப்ல பாத்து நீளமா போட்டேன், நீங்க தப்புன்னு சொல்லிட்டீங்க

தப்புன்னு சொன்னது நேரத்தை வச்சு. நீங்க பாத்தது ஐரோப்பாக்காரங்க சொல்லிக் குடுக்குறது. பாரிஸ் பக்கம் டிசம்பர் மாசம் உச்சிப் பொழுதுலயே நிழல் ஆள் உயரத்துக்கு 3 மடங்கு இருக்கும். திருநெல்வேலி பூமத்திய ரேகைக்கு வடக்க 8.7 டிகிரி தான், இங்க மார்கழி மதியம் கூட நிழல் ஆள் உயரத்துல முக்கால்வாசி தேறாது.

நம்ம ஊருல வருஷத்துக்கு ரெண்டு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வரும், சித்திரை பிறக்கப் போற சமயம் ஏப்ரல் 12, 13 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் கடைசியில ஒண்ணு. அன்னைக்கு மதியம் 12.20 வாக்குல வரப்புல நிக்கிறவருக்கு நிழல் காலடியில ஒரு வட்டமா சுருண்டு கிடக்கும். இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல உச்சி நிழல் தெக்க விழும், மத்த மாசம் வடக்க விழும். மதிய நேரம் வரையுறீங்கன்னா தோள், தலைத்துண்டு, குனிஞ்ச முதுகு இது மூணுல மட்டும் வெளிச்சம், மத்தது எல்லாம் நிழல். நம்ம வெயிலோட அடையாளமே அது தான், அதை விட்டுட்டு நீள நிழல் போட்டா ஊரே மாறிப் போயிரும். நீள நிழல் வேணும்னா காலையில 7 மணிக்கு வாங்க, அப்ப நிழல் மேற்க மலையைப் பாத்து ஓடும்.

சட்டை துண்டுக்கு என்ன கலர் குடுக்கலாம்? எல்லாரும் சிவப்பு போடுறாங்களே

பச்சை வயலுக்கு நடுவுல ஒரு துளி சிவப்பு வச்சா கண்ணு அங்க ஓடிப் போய் நிக்கும், பிரெஞ்சுக்காரரு கோரோ தன்னோட சாம்பல் பச்சை படங்கள்ல சின்னதா ஒரு சிவப்புத் தொப்பி வைப்பாரு. இங்கிலாந்துல 1832ல டர்னர் கண்காட்சிச் சுவருல தொங்குன தன்னோட கடல் படத்துல கடைசி நேரத்துல ஒரு சிவப்புப் பொட்டு வச்சிட்டுப் போய் பிறகு வந்து அதை மிதவையா ஆக்குனாருன்னு ஒரு கதை ஓவியர்கள் மத்தியில பிரபலம், பக்கத்துல தொங்குன, கான்ஸ்டபிள்ங்கிற இன்னொரு ஓவியரோட படம் அதோட மங்கிப் போச்சாம்.

ஆனா நம்ம ஊருல எல்லா இடமும் பச்சை இல்ல. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுக்குப் போனா மண்ணே சிவப்பு, மணல் மேல இரும்பு ஆக்சைடு பூசுன மாதிரி ஒட்டியிருக்குறதால வர்ற சிவப்பு. அங்க சிவப்புத் துண்டு போட்டா காணாமப் போயிரும், நீலக் கைலி, இல்லன்னா அழுக்கு வெள்ளை தான் எடுக்கும். சங்கரன்கோவில், கோவில்பட்டி கரிசக்காட்டுல மஞ்ச சேலை எடுக்குற மாதிரி வேற எதுவும் எடுக்காது. முதல்ல மண்ணு கலரைப் பாருங்க, பிறகு துணியைப் பாருங்க.

தோல் கலருக்கு எந்த ட்யூப் வாங்கணும்?

தோல் கலர்னு எழுதியிருக்கிற ட்யூபை வாங்காதீங்க, அது நம்ம யாரு தோலும் இல்ல. பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் போதும், நீலம் கூடினா நிழல் பக்கம், குறைஞ்சா வெயில் பக்கம். வியர்வையில மினுங்குற கறுத்த தோள்ல வானத்து நீலம் விழும், அந்த இடத்தை வெளிர் நீலமா விட்டுப் பாருங்க, தோள் தானா உருண்டு வரும். கறுப்பு ட்யூப் மட்டும் வேண்டாம், செத்த கலர் அது.

வாட்டர் கலர்ல வெள்ளை வேட்டியை எப்படிக் கொண்டு வாரது?

பேப்பரை விட்டுத் தான். பென்சில்ல லேசா குறிச்சு அந்த இடத்தைத் தொடாம சுத்தி வயல் பச்சையை ஓட்டணும், அப்புறம் வேட்டியோட நிழல் பக்கத்துல மட்டும் தண்ணியா ஒரு நீலம். மறந்து போய் பூசிட்டீங்கன்னா கொஞ்சம் போஸ்டர் வெள்ளை வச்சு மீட்டுக்கலாம், அது குத்தமில்ல. சித்திரை வைகாசி வெயில்ல கலர் பேப்பருல விழுந்ததும் காஞ்சிரும், அதனால வேட்டிக்குப் பக்கத்துல வர்ற பச்சையை ரெண்டு தடவைக்குத் தேவையான அளவு முன்னாடியே கலக்கி வைங்க. சாரல் சீசன்ல தென்காசி போனா நேர் எதிர், கால் மணி நேரம் ஆனாலும் காயாது. பேப்பர் 300 ஜிஎஸ்எம் இருந்தா நல்லது, மெல்லிசா இருந்தா சுருண்டுரும்.

நம்ம ஊரை இதுக்கு முன்னாடி யாராவது இப்படி வரைஞ்சிருக்காங்களா?

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு ஒரே குடும்பத்து ஆங்கிலேய ஓவியர் ரெண்டு பேரு 1792ல தெக்க வந்தாங்க, பாபநாசம் அருவியையும் களக்காட்டுப் பக்கத்துல இருந்து தெரியுற குமரி மலையையும் வரைஞ்சு அச்சுப் படமா வெளியிட்டாங்க. பாபநாசத்துக்கு எத்தனை தடவை போயிருப்போம், இருநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் அங்க உக்காந்து வரைஞ்சிருக்காருன்னு நினைச்சாலே எனக்குச் சிலிர்க்கும். இந்தப் பக்கம் கோவில்பட்டியில கொண்டையராஜு இருந்தாரு, சிவகாசியில அச்சாகி வீடு வீடா தொங்குன சாமி காலண்டர் படங்கள் அவரோடதும் அவரு சிஷ்யர்களோடதும் தான், சாமிக்குப் பின்னாடி மலையும் ஆறும் பாருங்க, அதுவும் நிலக்காட்சி தான்.

பனையேறியை வரையணும்னு ரொம்ப ஆசை, ஆனா வரவே மாட்டேங்குது

இது எனக்கும் வருஷக்கணக்கா வரல. காரணம் மூணு. ஒண்ணு மரத்தோட உயரம். 40, 50 அடிப் பனைன்னா எட்டு, பத்து ஆள் உயரம், நாம பேப்பருல இடம் இல்லன்னு நாலு ஆள் உயரத்துல மரத்தை முடிச்சிருதோம், உடனே ஏறுறவரு ராட்சசன் ஆயிருதாரு. மரம் முழுசா வரலன்னா மேல் பாதியை மட்டும் போடுங்க, தரை தெரியவே வேண்டாம்.

ரெண்டு, நீங்க கீழ இருந்து அண்ணாந்து பாக்கீங்க. முன்னாடி சொன்ன கண்மட்டம் எங்கேயோ கீழ கிடக்கு, அவரு அதுக்கு ரொம்ப மேல, அதனால உள்ளங்காலும் முட்டியோட அடிப்பக்கமும் தெரியும், தலை தோளுக்குப் பின்னாடி பாதி மறையும். நேரா நின்னு பாத்த மாதிரி போட்டா மரத்துல ஒட்டுன படம் மாதிரி இருக்கும்.

மூணாவது தான் பெருசு, தொழில் தெரியணும். கால்ல தளைநார் போட்டிருப்பாரு, அதனால ரெண்டு பாதமும் சேந்து தான் நகரும், விரிஞ்ச கால் போட்டா பனையேறி பாத்து சிரிப்பாரு. இடுப்புக்குப் பின்னாடி அருவாப்பெட்டி, அதுல பாளை சீவுற அருவா. மேல போய் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவுன கலயத்தைக் கட்டுவாரு, சுண்ணாம்பு இருந்தாத் தான் புளிக்காம பதநீரா இருக்கும். விடியக் கருக்கல்லயும் சாயங்காலமும் ஏறுற ஆளை மொட்டை மத்தியானத்துல ஏத்தி வைக்காதீங்க. உடன்குடிப் பக்கம் ஒரு பெரியவரு கிட்ட என் படத்தைக் காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துட்டு, எம்மா, இவன் கையில பிடிமானம் இல்லயே விழுந்துருவானேன்னாரு. மரத்தைக் கட்டிப் பிடிச்ச கையை நான் அழகுக்காக விரிச்சுப் போட்டிருந்தேன். அந்தப் படத்தைக் கிழிச்சிட்டு மறுபடி வரைஞ்சேன்.

ஆடு மேய்க்கிறவரு கூட அம்பது ஆடு இருக்கே, அப்புறம் எப்படி அவரு தனி ஆளு? எல்லா ஆட்டையும் வரையணுமா?

எல்லா ஆட்டையும் வரைஞ்சா எண்ணத் தான் தோணும். கூட்டத்தை ஒரே வடிவமா தண்ணியா கலக்குன ஒரு பழுப்புப் பூச்சுல (வாஷ்) போடுங்க, ஓரத்துல நாலு அஞ்சு தலை, கொஞ்சம் கால், மேல புழுதி, போதும். அவ்வளவு பெரிய அசையுற கூட்டத்துக்குப் பக்கத்துல அசையாம ஒரு குச்சி மாதிரி நிக்கிறதால தான் அவரு தனியா தெரியுதாரு. பக்கத்துல உடைங்கிற முள்ளு மரம் ஒண்ணு குடை மாதிரி விரிஞ்சு நின்னா இன்னும் நல்லது, அந்தத் தட்டைத் தலை நம்ம காட்டுக்கே உள்ள அடையாளம்.

போட்டோ பாத்து வரையலாமா?

வரையலாம், ஆனா கேட்டு எடுங்க. அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா, படம் வரையன்னு கேட்டா வேண்டாம்னு சொன்னவங்க ரொம்பக் குறைவு, வேண்டாம்னா விட்டுரணும். பொம்பளைங்க களை பறிக்கிற இடம்னா இன்னும் கவனமா, முதல்ல பேசுங்க, பிறகு தான் செல்லை வெளிய எடுக்கணும். போன் கேமரா தூரத்து மலையைச் சின்னதா ஆக்கிரும், நிழலைக் கறுப்பா ஆக்கிரும், அதனால போட்டோ கூட ஒரு சின்ன பென்சில் குறிப்பும் எடுத்து வைங்க, அஞ்சு கோடு போதும்.

தனியா நிக்கிற ஆளுன்னா சோகமா தான இருக்கணும்? மேகமூட்டம், சாயங்காலம் எல்லாம் போடுறேன்

நீங்க அவரு கிட்ட பேசிப் பாத்தீங்களா? முன்னீர்பள்ளம் பக்கம் ஒருத்தரை நான் ரொம்ப ஏகாந்தமா வரைஞ்சிட்டு இருந்தேன், கிட்டப் போனா இடுப்புல போன்ல பாட்டு ஓடுது, மகளுக்குக் கல்யாணம் பேசி முடிச்ச சந்தோஷத்துல இருக்காரு. ஒத்தையில நிக்கிறது வேற, தனிமை வேற. தண்ணி பாய்ச்சுறவருக்கு அந்த மடைகிட்ட நிக்கிறது வேலை, கால் மணி நேரத்துல அடுத்த வயலுக்கு மாத்தணும், அவரு கவனம் பூரா தண்ணி எங்க ஏறிட்டு இருக்குங்கிறதுல இருக்கு. சீனாவுல மா யுவான் 12ஆம் நூற்றாண்டு கடைசியில வரைஞ்ச தூண்டில்காரர் படத்துல ஒரு சின்னப் படகு, ஒரு ஆளு, நாலு அலைக்கோடு, மத்தது எல்லாம் வெறும் பட்டுத்துணி. அவ்வளவு வெறுமையிலயும் அந்த ஆளு முன்னால சாஞ்சு தூண்டிலையே பாக்காரு. சோகத்தை நாம கொண்டு போய் வைக்கக் கூடாது, அவரு கிட்ட இருந்தா அது முதுகுல தானா தெரியும்.

கஷ்டப்படுறவங்களை அழகா வரைஞ்சு வீட்டுல மாட்டுறது தப்பில்லையா?

ஒரு காலேஜ் பையன் கேட்டது, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பிரான்ஸ்ல மில்லே, விவசாயக் குடும்பத்துல 1814ல பிறந்தவரு, மம்பட்டி மாதிரி ஒரு கருவி மேல சாஞ்சு மூச்சு வாங்குற ஒரு ஆளை வரைஞ்சு 1863ல கண்காட்சியில வச்சாரு. அழகா இல்ல, மிருகம் மாதிரி இருக்கான், இது அரசியல்னு திட்டுனாங்க. அவரு ஆளை அழகாக்கவும் இல்ல, கேவலப்படுத்தவும் இல்ல, இடுப்பு எவ்வளவு நேரமா வலிக்குதுன்னு படத்துல தெரியும். எனக்குத் தப்புன்னு படுறது கிழிசலைத் தேடிப் போய் வரையுறது, நல்ல சட்டை போட்டிருந்தா கழட்டச் சொல்லுறது. அப்படிக் கழட்டச் சொன்னவங்களை நான் பாத்திருக்கேன். யாரை வரைஞ்சீங்களோ அவரு கிட்ட படத்தைக் காட்டுங்க, அவரு இது நான் தான்னு சொன்னா மாட்டுங்க.

கரண்ட் எடுக்குற காத்தாடி, டவர், பைக் எல்லாம் போடணுமா? கிராமத்து அழகு போயிருமே

பணகுடி, வள்ளியூர் பக்கம் காத்தாடி இல்லாம வரைஞ்சா அது பணகுடியே இல்ல. அவ்வளவு பெரிய இறக்கைக்குக் கீழ ஒருத்தர் மாடு பத்திட்டுப் போறதை விட அளவு காட்டுற காட்சி எங்க கிடைக்கும்? பைக்கும் அப்படித் தான், வரப்பு முனையில நிக்கிற பைக்கு அவரு எப்படி வந்தாருன்னு சொல்லுது. படத்துல அந்த ஆளு சொல்லுற கதைக்கு ஒத்து வராததை மட்டும் விடுங்க.

நான் வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள அவரு போயிட்டாரு டீச்சர், இப்ப என்ன செய்ய?

உக்காந்ததும் முதல் வேலையா அவரு தலை எங்க, கால் எங்கன்னு ரெண்டு புள்ளி வச்சிரணும், பாரம் எந்தக் கால்னு ஒரு கோடு, அதுக்குப் பிறகு தான் மலையும் மரமும். போயிட்டாருன்னா அவசரப்பட்டு ஞாபகத்துல இருந்து ஒரு பொம்மையை நிறுத்தாதீங்க. அந்த இடத்தைக் காலியா விட்டுட்டு மத்ததை முடிங்க, அந்த வரப்புல நிச்சயம் இன்னொருத்தர் வருவாரு, கண்மட்டக் கணக்கு ஒண்ணு தான, அதே இடத்துல பொருந்திருவாரு.

வரலன்னாலும் சரி. போன ஐப்பசியில மேலச்செவல்ல நாத்து நட்ட வயலை வரைஞ்சிட்டு இருந்தேன், வரப்பு வெட்டிட்டு இருந்தவரு டீ குடிக்கப் போனாரு, மழை வந்துட்டு, திரும்பல. அவரு மம்பட்டி வரப்புல குத்தி நின்னுச்சு, அதோட பிடியில துண்டு, பக்கத்துல புதுசா வெட்டுன மண்ணு ஈரமா. அந்தப் படத்துல நான் ஆளைச் சேக்கல, மம்பட்டியும் துண்டும் அப்படியே இருக்கு.